முதலில் எழுப்ப வேண்டிய பாதை: மின்காந்தத் துடிப்புக்கு எதிராக அமெரிக்க மின்கட்டமைப்பு (கிரிட்) எதில் பணம் போட வேண்டும்?

பல வருஷங்களுக்கு முன்னால், நான் ரிலே டெஸ்டிங் பிரிவில் (லைனில் கோளாறு வந்தால் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவிதான் ரிலே) இருந்தபோது, ஐப்பசி மழை ராத்திரியில் ஒரு 110 கே.வி. சப்ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. டிரான்ஸ்ஃபார்மர்கள் நிற்கும் யார்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இடி விழுந்திருக்கிறது. விடிந்ததும் போய்ப் பார்த்தோம். யார்டில் ஒன்றுமே ஆகவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது, பிரேக்கர்கள் எல்லாம் சரி. ஆனால் கன்ட்ரோல் ரூமில், புதிதாக மாட்டியிருந்த, சிப்பில் ஓடும் நியூமெரிக்கல் ரிலேக்களில் மூன்று செத்துக் கிடந்தன. டிஸ்பிளே வரவில்லை, ஒரு விளக்குகூட எரியவில்லை. கழற்றி மூக்கருகே கொண்டுபோனால் கருகிய பிளாஸ்டிக் வாடை. பக்கத்து பேனலில், கண்ணாடி மூடிக்குள் அலுமினியத் தட்டு சுழலும் பழைய ஓவர்கரன்ட் ரிலே ஒன்று இருந்தது. டெஸ்ட் கிட்டை மாட்டி கரன்ட் கொடுத்தோம். தட்டு மெல்லச் சுழன்று, ஷீட்டில் எழுதியிருந்த நேரத்துக்குச் சரியாக ட்ரிப் (திறக்கும் உத்தரவு) கொடுத்தது.

தேடிப் பார்த்ததில், யார்டிலிருந்து வரும் கன்ட்ரோல் கேபிள் ஒன்றின் கவசம் (கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறை) எர்த் ஆகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வழியாகத்தான் இடியின் துடிப்பு உள்ளே வந்திருக்கிறது.

அதை நான் மறந்தே போயிருந்தேன். 2024 மே மாதம் பெரிய சூரியப் புயல் வந்து, லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது என்று படம் வந்த வாரத்தில், அமெரிக்காவிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். அவன் அங்கே ஒரு மின் நிறுவனத்தில் திட்டப் பிரிவில் இருக்கிறான். "மாமா, புயல் ஒண்ணும் பண்ணலை, தப்பிச்சோம். ஆனா இதைத் தொட்டு, அணுகுண்டு இ.எம்.பி. வந்தா என்ன பண்றதுன்னு மேல கேக்கறாங்க. நாலு யோசனை மேஜையில இருக்கு. நாலுக்கும் பணம் கிடையாது. நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?" என்றான். "யோசிச்சுச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். யோசிக்க மாதக்கணக்கில் ஆனது. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் இ.எம்.பி., அதாவது மின்காந்தத் துடிப்பு, என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அணுகுண்டை ஊர்மேல் போடாமல், பல பத்து அல்லது பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தால் கீழே ஒரு கட்டடமும் இடியாது. வெடிப்பிலிருந்து கிளம்பும் காமா கதிர்கள் மேல் காற்றில் மோதி எலக்ட்ரான்களைப் பிய்த்தெறியும். பூமியின் காந்தப்புலம் அந்த எலக்ட்ரான்களை வளைக்கும். அந்த வளைவில் பிறக்கும் மின்காந்தத் துடிப்பு தொடுவானம் வரை தரையில் இறங்கும். 400 கிலோமீட்டர் உயரம் என்றால் தொடுவானம் சுமார் 2,200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நடுவில் வெடித்தால் ஏறக்குறைய நாடு முழுக்க அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

இந்தத் துடிப்பு மூன்று பாகமாக வரும். இ1 என்பது சில நானோ நொடிகளில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். மீட்டருக்கு 50,000 வோல்ட் என்பது தரநிர்ணயங்களில் எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு. மின்னலுக்காக வைத்த காப்புகள் பலவும் அந்த வேகத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. இது குறிவைப்பது ரிலே, கணினி, தொலைத்தொடர்புக் கருவி போன்ற மின்னணுச் சாமான்களை. இ2 மின்னலைப் போன்றது, அதற்குக் காப்பு ஏற்கெனவே இருக்கிறது, விட்டுவிடலாம். இ3 நொடிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்கு வரை நீளும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் லைன்களில் டி.சி. மாதிரி ஒரு கரன்டைப் புகுத்தி, டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் (மூன்று ஃபேஸ் சுருள்களும் சேரும் முனை) வழியாக எர்த்துக்கு இறக்கும். சூரியப் புயல் செய்வதும் இதையேதான். ஆனால் சூரியனிடம் இ1 கிடையாது. அதனால் மே மாதப் புயலில் தப்பித்தோம் என்பதை வைத்து இ.எம்.பி.யிலும் தப்பிப்போம் என்று கணக்குப் போட முடியாது.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை, நடந்து பார்த்தது. 1962 ஜூலையில் அமெரிக்கா பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று பெயர். சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் ஏறக்குறைய 300 தெருவிளக்குகள் அணைந்தன, திருட்டு எச்சரிக்கை மணிகள் தாமாக அடித்தன, காவாய் தீவோடு இருந்த மைக்ரோவேவ் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அதே வருஷம் அக்டோபர் 22 அன்று சோவியத் ஒன்றியம் கஜகஸ்தானுக்கு மேலே 290 கிலோமீட்டரில் 300 கிலோடன் குண்டை வெடித்தது. 570 கிலோமீட்டர் நீளத் தொலைபேசி லைன் ஒன்றில் ஃப்யூஸ்கள் போயின. மண்ணுக்குள் புதைத்திருந்த 1,000 கிலோமீட்டர் மின் கேபிள் இயங்காமல் நின்றது. கராகண்டா மின்நிலையத்தில் தீப்பிடித்தது.

1963-இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒப்பந்தம் போட்டு வானத்தில் அணுகுண்டு சோதிப்பதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது நல்லதே. ஆனால் நாம் கையில் வைத்திருக்கும் நேரடி அனுபவம் முழுக்க அலுமினியத் தட்டு ரிலே காலத்தது. சிப் நிறைந்த இன்றைய கன்ட்ரோல் ரூம் அந்தச் சோதனையை எழுதியதே இல்லை.

இ3-க்கு வேறொரு அனுபவம் உண்டு. 1989 மார்ச் 13 அதிகாலை 2.44 மணிக்குச் சூரியப் புயல் கனடாவின் கியூபெக் கிரிட்டைத் தாக்கியது. அங்கே தரைக்கடியில் பழம்பாறை. பாறை கரன்டை விடாது, மேலே ஓடும் 735 கே.வி. லைன் விடும். வோல்டேஜைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஏழு காம்பன்சேட்டர்கள் அடுத்தடுத்து ட்ரிப் ஆயின. ஒன்றரை நிமிடத்தில் முழு கிரிட்டும் விழுந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரன்ட் இல்லை. அதே புயலில் நியூஜெர்சியின் சேலம் அணுமின் நிலையத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் வெந்துபோனது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கியூபெக் அவ்வளவு வேகமாக விழுந்ததால்தான் அங்கே பெரும்பாலான டிரான்ஸ்ஃபார்மர்கள் சூடேறுவதற்குள் தப்பித்தன. சாமான் தப்பித்ததால்தான் ஒன்பது மணி நேரத்தில் எழ முடிந்தது.

அமெரிக்காவில் இதைப் பற்றி இரண்டு தரப்பு. நாடாளுமன்றம் அமைத்த இ.எம்.பி. ஆணையம் 2004-லும் 2008-லும் கொடுத்த அறிக்கைகளில், மின்சாரம் மாதக்கணக்கில், இன்னும் மோசமானால் வருஷக்கணக்கில் திரும்பாமல் போகலாம் என்றது. மின் நிறுவனங்களின் ஆராய்ச்சி அமைப்பான எலக்ட்ரிக் பவர் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் 2019-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது. பல மாநிலங்களைச் சேர்த்து இருட்டாக்கும் அளவுக்கு வோல்டேஜ் சரியலாம், ஆனால் வெந்துபோகும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் கொஞ்சம்தான், டிஜிட்டல் ரிலேக்கள் அடிபடுவதுதான் முக்கியக் கவலை என்றது. மின் நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் அமைப்பு அப்படித்தானே சொல்லும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மூன்று செத்த ரிலேக்களைக் கையில் பிடித்துப் பார்த்தவன் என்ற முறையில், அந்த ஒரு விஷயத்தில் ஆய்வு சொல்வதை நான் நம்புகிறேன். ஒரே வருஷத்தில் பத்தில் ஒன்பது அமெரிக்கர்கள் செத்துப்போவார்கள் என்று ஒரு எண் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த எண் இல்லாமலே இந்த முடிவை எடுக்க முடியும்.

ஏவுகணையை வானத்திலேயே அடித்து வீழ்த்திவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியிலும் கலிபோர்னியாவின் வாண்டன்பர்க்கிலும் சேர்த்து 44 தடுப்பு ஏவுகணைகளை அதற்காக நிறுத்தியிருக்கிறார்கள். அது ராணுவத்தின் வேலை, மின் நிறுவனம் எடுக்கும் முடிவு இல்லை. சூரியப் புயலை அது தடுக்கவும் செய்யாது. மேஜையில் இருந்த நான்குக்கு வருவோம்.

நியூட்ரலில் தடுப்பு

டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் புஷ்ஷிங்கிலிருந்து ஒரு பட்டை இறங்கி எர்த் பிட்டுக்குப் போகும். எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் அதில் கரன்ட் பெயருக்குத்தான் இருக்கும். இ3 வந்தால் டி.சி. போன்ற கரன்ட் இந்தப் பட்டை வழியாகத்தான் ஓடும். சில பத்து ஆம்பியரே போதும், கோர் (சுருளுக்குள் இருக்கும் இரும்பு) காந்தத்தால் ஒரு பக்கமாக நிறைந்து போகும். உறுமல் மாறி அதிரும். தொட்டிச் சுவரில் அங்கங்கே சூடேறும். வோல்டேஜைத் தாங்க வேண்டிய ரியாக்டிவ் பவரை டிரான்ஸ்ஃபார்மரே விழுங்க ஆரம்பிக்கும். அந்தப் பட்டையின் நடுவில் கப்பாசிட்டர் வைத்த ஒரு தடுப்பைப் போட்டுவிட்டால் டி.சி. நிற்கும், ஏ.சி. போகும். அமெரிக்காவில் விஸ்கான்சினில் 2015-இல் இப்படி ஒன்றை மாட்டினார்கள். கியூபெக்காரர்கள் 1989-க்குப் பிறகு லைனிலேயே சீரீஸ் கப்பாசிட்டர் வைத்து ஏறக்குறைய இதே பலனை அடைந்தார்கள்.

யோசனை அழகானது, எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் அடைத்தால் அந்தக் கரன்ட் அடுத்த சப்ஸ்டேஷனின் நியூட்ரலைத் தேடிப் போகும், ஆகவே ஒன்றிரண்டு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் (இரண்டு வோல்டேஜுக்கும் ஒரே சுருளைப் பகிரும் வகை) நியூட்ரலை அடைத்தாலும் சீரீஸ் சுருள் வழியாகக் கரன்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அமெரிக்காவில் 345 கே.வி.க்கும் அதற்கு மேலும் சுமார் 2,000 டிரான்ஸ்ஃபார்மர்கள் என்கிறார்கள், தடுப்பு ஒன்றுக்குச் சில லட்சம் டாலர் ஆகும். எல்லாவற்றையும்விட, இ1 முந்தி வரும், இ3 பிந்தி வரும். டி.சி. வந்துவிட்டதா என்று பார்த்து, கப்பாசிட்டரைச் சுற்றிக் கரன்டை விடும் ஸ்விட்சைத் திறக்க வேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டி இ1-இலேயே செத்துவிட்டால் பக்கத்தில் கப்பாசிட்டர் இருந்து என்ன பயன்? வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

சூரியப் புயலுக்கு மட்டும் என்றால் இதைவிட மலிவான வழி ஒன்றும் உண்டு. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்கள் பதினைந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை முன்னறிவிப்புக் கொடுக்கும். அதற்குள் லோடைக் குறைக்கலாம், பராமரிப்பில் இருக்கும் லைனைத் திரும்பச் சேர்க்கலாம். 2024 மே மாதம் நியூசிலாந்தில் சில லைன்களை முன்கூட்டியே கழற்றி வைத்தார்கள். குண்டு அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தராது.

கூண்டு

அடுத்தது, கன்ட்ரோல் ரூமையே உலோகக் கூண்டுக்குள் வைப்பது. அமெரிக்க ராணுவத் தரம் 80 டெசிபெல் தடுப்பைக் கேட்கிறது. அதாவது வெளியே இருக்கும் புலம் உள்ளே பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். வெளியே மீட்டருக்கு 50,000 வோல்ட் என்றால் உள்ளே 5 வோல்ட். இதைவிட உறுதியான காப்பு எதுவும் இல்லை.

கட்டுவது கஷ்டம் என்றால் காப்பாற்றுவது அதைவிடக் கஷ்டம். கதவின் விளிம்பு முழுக்க வளையக்கூடிய செம்புப் பட்டை விரல்கள் இருக்கும், கதவை மூடினால் அவை நிலையோடு ஒட்ட வேண்டும். காற்று வரும் துளைகளுக்குத் தேன்கூடு மாதிரி உலோகச் சட்டம். உள்ளே நுழையும் ஒவ்வொரு கம்பிக்கும் ஃபில்டர். ஐந்து வருஷம் கழித்து யாரோ ஒரு காண்ட்ராக்டர் ஒரு கேமரா கேபிளுக்காகச் சுவரில் துளை போட்டுவிட்டுப் போனால் கூண்டு வெறும் தகர அறை. சப்ஸ்டேஷன் சுவர்களில் யார் யாரோ போட்ட துளைகளை என் வேலைக் காலம் முழுக்கப் பார்த்தவன் நான். அமெரிக்காவில் பல்லாயிரம் சப்ஸ்டேஷன்கள். அத்தனைக்கும் ராணுவக் கூண்டு என்பது நடக்காத காரியம்.

ஆனால் முழுக் கூண்டுக்கும் ஒன்றுமே செய்யாததற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கன்ட்ரோல் கேபிளின் கவசத்தை இரண்டு முனையிலும் ஒழுங்காக எர்த் செய்யலாம். ரிலேயின் இன்புட்களில் வேகமான சர்ஜ் காப்பு (திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தடுப்பது) வைக்கலாம். யார்டுக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் இடையில் செம்புக்குப் பதில் ஆப்டிகல் ஃபைபர் போட்டால், கண்ணாடியில் ஓடுவது ஒளி, அதில் வோல்டேஜ் ஏற வழியில்லை. புதிதாகக் கட்டும் இடத்தில் இதற்கு ஆகும் கூடுதல் செலவு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் விலைக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. எங்கள் சப்ஸ்டேஷனில் அன்றைக்குத் தொங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு கவசத்தை எர்த் செய்திருந்தால் மூன்று ரிலேயும் உயிரோடு இருந்திருக்கும்.

ஸ்பேர் டிரான்ஸ்ஃபார்மர்

2013 ஏப்ரல் 16 அதிகாலை, கலிபோர்னியாவில் சான் ஹோசே அருகில் மெட்கால்ஃப் சப்ஸ்டேஷனை யாரோ துப்பாக்கியால் சுட்டார்கள். 17 டிரான்ஸ்ஃபார்மர்களின் குளிரூட்டும் பாகங்களில் ஓட்டை விழுந்து எண்ணெய் வடிந்தது. சேதம் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல். யார் சுட்டார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. யாரோ துப்பாக்கியோடு வந்தாலே இவ்வளவு என்றால் ஸ்பேர் கையில் இருக்க வேண்டாமா?

இருக்க வேண்டும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் 100 முதல் 400 டன் வரை இருக்கும். ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, ஒரு ஊரில் கழற்றி இன்னொரு ஊரில் மாட்ட முடியாது. அமெரிக்கா பெரும்பாலானவற்றை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. இன்றைக்கு ஆர்டர் கொடுத்தால் இரண்டிலிருந்து நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும். ஏற்றிப்போகும் பிரத்யேக ரயில் வண்டிகள் வட அமெரிக்கா முழுக்கச் சுமார் 30தான். 2012-இல் அவர்களே ஒரு நல்ல பரிசோதனை செய்தார்கள். பிரித்துச் சேர்க்கக்கூடிய மூன்று ஒற்றை ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர்களைச் செயின்ட் லூயிஸிலிருந்து லாரியில் ஏற்றி ஹூஸ்டனுக்குக் கொண்டுபோய், ஒரு வாரத்துக்குள் 345 கே.வி.யில் சார்ஜ் செய்து (லைனில் சேர்த்து மின்சாரம் ஏற்றி) காட்டினார்கள். எந்த இடத்துக்கும் ஓரளவு பொருந்தும் இப்படிப்பட்ட ஸ்பேர்களை நிறுவனங்கள் பங்குபோட்டு வாங்கி வைப்பதை மனதார ஆதரிக்கிறேன். லைனில் மாட்டாமல் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரை இ1-உம் இ3-உம் தொடாது.

ஆனாலும் இதை முதல் இடத்தில் வைக்க மாட்டேன். புது டிரான்ஸ்ஃபார்மரை இறக்கி வைத்துவிட்டு, அதைக் காக்கும் ரிலேயும் திறந்து மூடும் பிரேக்கரும் இயங்கவில்லை என்றால் யாரும் சார்ஜ் செய்ய மாட்டார்கள். செய்யவும் கூடாது.

இருட்டிலிருந்து எழும் பாதை

நான்காவது யோசனைதான் என் மனதில் நின்றது. வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒரு உண்மை, மின்நிலையம் எழுந்திருக்கவே மின்சாரம் வேண்டும். பாய்லருக்கு நீர் ஏற்றும் பம்ப், காற்று ஊதும் விசிறி, எல்லாமே மெகாவாட் கணக்கில் இழுக்கும். எல்லாம் இருட்டாகிவிட்டால், தானாகக் கிளம்பக்கூடிய ஒரு நீர்மின் நிலையத்தையோ டீசலில் தூண்டிவிடும் ஒரு கேஸ் டர்பைனையோ முதலில் ஓட்டி, குறிப்பிட்ட சில லைன்கள், சில சப்ஸ்டேஷன்கள் வழியாக அந்தக் கொஞ்ச மின்சாரத்தைப் பெரிய நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கு பிளாக் ஸ்டார்ட் என்று பெயர், அந்த வழிக்கு கிராங்கிங் பாதை. 2012 ஜூலையில் வட இந்தியா விழுந்தபோதும், 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் விழுந்தபோதும் நீர்மின் நிலையங்கள்தான் முதலில் கை கொடுத்தன. ஸ்பெயினுக்கு பிரான்ஸும் மொராக்கோவும் பக்கத்திலிருந்து மின்சாரம் தந்தன.

இ.எம்.பி.யில் அந்தப் பக்கத்து வீட்டிலும் விளக்கு இருக்காது. போன் வேலை செய்யாது. பாதையில் இருக்கும் ரிலேக்களில் எது செத்தது, எது பாதி உயிரில் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குள் நேரம் ஓடும். சப்ஸ்டேஷன் பேட்டரி பொதுவாக எட்டு மணி நேரத்துக்குத்தான் கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கும். அது இறங்கிவிட்டால் பிரேக்கரைத் திறக்கவும் மூடவும் டி.சி. இல்லை, ஸ்டேஷன் செத்த மாதிரிதான்.

பாதை காகிதத்தில் இருந்தால் போதாது என்பதற்கு டெக்சாஸே சாட்சி. 2021 பிப்ரவரிக் குளிரில் அந்த மாநில கிரிட் முழுதாக விழுவதற்கு 4 நிமிடம் 37 நொடி தூரத்தில் நின்றது. விழுந்திருந்தால் எழுப்ப வேண்டிய பிளாக் ஸ்டார்ட் யூனிட்கள் 28. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த நாட்களில் நின்றோ, திணறியோ, கிளம்பாமலோ இருந்தன. எரிவாயு வரத்துக்கே மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு எரிவாயு வேண்டும் என்ற சிக்கலும் அப்போதுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. குண்டும் இல்லை, துடிப்பும் இல்லை. வெறும் குளிர்.

ஆகவே மருமகனிடம் சொன்னேன். முழு கிரிட்டையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். உங்கள் எல்லைக்குள் ஒரு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். தானாகக் கிளம்பும் ஒரு யூனிட், இடத்திலேயே சேமித்த எரிபொருள், நடுவில் மூன்று நான்கு சப்ஸ்டேஷன்கள், கடைசியில் ஒரு பெரிய நிலையம். அந்தப் பாதையில் மட்டும் இ1-க்கு எதிராக என்னென்ன உண்டோ அத்தனையும் செய்யுங்கள். கூண்டு, ஃபைபர், சர்ஜ் காப்பு, மூன்று நாள் தாங்கும் பேட்டரியும் டீசலும், போன் கம்பெனியை நம்பாத ரேடியோ. கன்ட்ரோல் சென்டருக்கும் அதே. ராணுவத்தரக் கூண்டு பல்லாயிரம் இடத்துக்கு முடியாது, நான்கைந்து இடத்துக்கு முடியும்.

"அப்போ மத்த ஊரெல்லாம் இருட்டுல கிடக்குமே மாமா?" என்றான்.

கிடக்கும். அதை மறைக்கக் கூடாது. பாதை மட்டும் தப்பித்தால் முதல் நாள் ஊருக்கு விளக்கு வராது. ஆஸ்பத்திரிகளும் குடிநீர் பம்புகளும் தங்கள் டீசலில்தான் ஓட வேண்டும். ஆனால் ஒரு பெரிய நிலையம் எழுந்து நின்றுவிட்டால், அதிலிருந்து ஒவ்வொரு சப்ஸ்டேஷனாக, ரிலேயை மாற்றி மாற்றி, வெளியே பரவிப் போகலாம். பாதை இல்லையென்றால் கிடங்கில் ஸ்பேர் எத்தனை இருந்தாலும் தொடங்குவதற்கு முதல் புள்ளி இருக்காது. நாட்கணக்கில் முடிய வேண்டிய இருட்டு மாதக்கணக்கில் நீள்வது அங்கேதான்.

கையில் நூறு ரூபாய் இருந்தால் எப்படிப் பிரிப்பேன் என்று கேட்டான். பாதைக்கும் கன்ட்ரோல் சென்டருக்கும் ஐம்பது. மற்ற சப்ஸ்டேஷன்களின் கேபிள் கவசம், சர்ஜ் காப்பு, ஸ்பேர் ரிலே ஆகியவற்றுக்கு இருபது. பங்குபோட்டு வாங்கும் ஸ்பேர் டிரான்ஸ்ஃபார்மருக்கு இருபது. மிச்சம் பத்து நியூட்ரல் தடுப்புக்கு, அதுவும் பாறை நிலத்தில், வடக்கே, நீள லைன்களின் முனையில் இருக்கும் சிலவற்றுக்கு மட்டும். இது என் அனுபவத்தில் வந்த பங்கீடு. மினசோட்டாவில் இருப்பவர் கடைசி இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் நான் சண்டை போட மாட்டேன். முதல் ஐம்பதில் கை வைத்தால் போடுவேன். குண்டே விழாவிட்டாலும் சூறாவளிக்கும் சைபர் தாக்குதலுக்கும் 2021 மாதிரிக் குளிருக்கும் உதவும் செலவு அது.

நம் ஊரைப் பற்றியும் கேட்பீர்கள். தென் தமிழ்நாடு காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் வைத்திருப்பதே அதற்காகத்தான். கியூபெக் அளவுக்குச் சூரியப் புயல் நம்மை ஆட்டாது. 2012-இல் தென்னக கிரிட் தப்பித்ததற்கு வடக்கோடு டி.சி. இணைப்பு மட்டும் இருந்தது காரணம். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக எல்லாம் ஒரே கிரிட் ஆகிவிட்டது. ரிலே அறைகளும் இங்கே இப்போது முழுக்க நியூமெரிக்கல்தான். அதைத் தனியாக எழுத வேண்டும்.

போனை வைப்பதற்கு முன்னால் அவனுக்கு ஒரு சின்ன வேலை சொன்னேன். பாதையில் இருக்கும் ஒவ்வொரு சப்ஸ்டேஷனிலும் மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஒரு உலோகப் பெட்டி வைக்கச் சொன்னேன். அதற்குள், எந்தக் கம்பியோடும் சேராமல், அங்கே மாட்டியிருக்கும் அதே மாடல் ஸ்பேர் ரிலேக்கள், அவற்றில் செட்டிங் (எந்தக் கரன்டில், எவ்வளவு நேரத்தில் ட்ரிப் என்ற கணக்கு) ஏற்ற ஒரு லேப்டாப், அதன் கேபிள். கூடவே அந்த செட்டிங் ஷீட்டின் காகித நகல், கடைசியாக மாற்றிய தேதியோடு. அன்றைக்கு எங்கள் சப்ஸ்டேஷனுக்குப் புது ரிலேக்கள் மறுநாள் மதியமே வந்து இறங்கிவிட்டன. செட்டிங் ஃபைல் யார் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள் ஆனது.